தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு

கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டியே ஓய்வுபெற்றவன். ஆகவே அழுத்தக் கூடாத ஒரு பொத்தானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை அழுத்தச் சொல்லி உங்களிடமும் ஒரு நாள் ஒருவர் வருவார். அனேகமாக நல்ல சட்டை போட்டிருப்பார்.

பில் போடும் மென்பொருள் நம் கிளைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. அதுவரை பேரேட்டில் கையால் எழுதியவன். தண்ணீர்ப் பம்ப், குழாய், மருந்தடிக்கும் மெஷின் என்று நாம் விற்ற அத்தனைக்கும் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதைக் கறுப்பு மையால் எழுதுவேன். தவணை தப்பி இழுத்தடிப்பவர்களின் தொகையைச் சிவப்பு மையால் எழுதுவேன். சிவப்பைக் கண்டால் தொலைபேசியை எடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருடப் பழக்கம் அது.

கணனித் திரையிலும் சில தொகைகள் சிவப்பாக வந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடும் இருந்தது. பயிற்சி வகுப்பில் அதற்கு விளக்கம் சொன்னார்களாம். நான் அப்போது கன்டீனில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். சிவப்பு என்றால் சிவப்புத்தான், கோடு வேறு போட்டிருக்கிறது, இவன் மிகப் பெரிய கள்ளனாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். வாடிக்கையாளர் பில்லுக்கு மேலதிகமாகக் காசு கட்டியிருந்தால்தான் அந்தக் கோடு வரும், அது நாம் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை என்பது, அந்த நாட்களில் எங்கள் கிளையிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது. கடன் வசூலிக்கும் வேலையும் எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது.

முதலில் அகப்பட்டவர் காத்தான்குடி ஹாஜியார். ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், நம்மிடம் குழாய் எடுப்பவர். அவருடைய காசாளர் ஏதோ ஒரு பில்லுக்குக் கூட்டிக் காசோலை எழுதியிருக்கிறார். திரையில் கோடு போட்டுப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. தொலைபேசியை எடுத்தேன்.

"ஹாஜியார், பதினெட்டாயிரத்து ஐந்நூறு நிக்குதே."

"என்ட பேர்லயா?"

"ஓம், உங்கட பேர்லதான். சிவப்புல."

அவர் போனை வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் அவர் கடை ஆள் மோட்டார் சைக்கிளில் காசோடு வந்து நின்றான். பற்றுச்சீட்டுப் போட்டேன். திரையைப் பார்த்தால் கோடு போட்டு முப்பத்தேழாயிரம். கட்டக் கட்டக் கடன் கூடுகிறதே, இது என்ன மாயம் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தை இன்னும் ஒரு நிமிடமாக நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிராது. நான் மறுபடி தொலைபேசியை எடுத்தேன்.

இந்த முறை ஹாஜியாரே வந்தார். முப்பத்தேழாயிரத்தை மேசையில் வைத்தார். கணக்குப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எண்ணு."

எண்ணினேன்.

"பற்றுத்துண்டு எழுது."

எழுதினேன்.

"இப்ப சொல்லுடா தம்பி, நான் எந்தக் காலத்துல உனக்குக் கடன்காரனா இருந்த? கடன் எண்டு ஒருத்தன் சொன்னா முதல்ல காசக் குடுத்துப்போட்டுத்தான் மறுகா சண்டைக்கு நிப்பன். இப்ப சண்டை. உன்ட மெஷினத் திருப்பு, நானும் பார்க்கிறன்."

திருப்பினேன். கோடு போட்டு எழுபத்து நாலாயிரம். மென்பொருள் நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். எப்போதும் ஒரு பெண்பிள்ளைதான் எடுப்பாள். பெயர் கேட்டதில்லை. என் மகளைவிட இளைய குரல். அவசரத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைத்திருந்தேன்.

"ஐயா, அந்தக் கோடு இருந்தா அவர் உங்களுக்குத் தர ஒண்டுமில்ல. நீங்கதான் அவருக்குக் குடுக்கோணும். இத்தனை நாளா எத்தனை பேரிட்டக் கேட்டீங்க?"

ஹாஜியார் சிரிக்கத் தொடங்கினார். கதிரையில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துச் சிரித்தார்.

"அப்ப நான் கடன்காரன் இல்ல. நீதான்டா கடன்காரன்!"

காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அடுத்த குழாய்க்குக் கழித்துக்கொள், ஆனால் இவ்வளவு காசு நீங்கள் எனக்குத் தரவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதித் தா என்றார். கிளையின் முத்திரையோடு எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் காசு மேசைக்கு மேலே மாட்டிவிட்டார். காத்தான்குடிக்குச் சாமான் வாங்கப் போன நம் ஆட்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டு வந்து எனக்கு ஒப்புவித்தார்கள்.

வெட்கம் ஒரு மனிதனைச் சுறுசுறுப்பாக்கும். அன்று பின்னேரமே கோடு போட்ட பெயர்களையெல்லாம் பட்டியல் எடுத்தேன். முப்பத்தேழு பேர். கூட்டிப் பார்த்தால் நல்ல கனமான தொகை. திங்கட்கிழமை அதை அச்சடித்துக்கொண்டு புது மனேஜரின் அறைக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த இளைஞர். என்னை 'அங்கிள்' என்பார். பாராட்டுவார் என்று நினைத்துப் போனேன். பாராட்டவும் செய்தார்.

"சூப்பர் அங்கிள்! இவ்வளவு காசு சும்மா கிடந்திருக்கா? இந்தக் காலாண்டு நம்ம கிளை நட்டத்துல நிக்குது. வெள்ளிக்கிழமை கணக்கு மூட முந்தி இதையெல்லாம் 'ஏனைய வருமானம்' எண்டு மாத்திடுங்க. ஒரு பொத்தான்தானே. அந்தக் கடிதம் வாங்கின ஹாஜியார விடுங்க, மற்ற முப்பத்தாறும்."

"சேர், இது ஆக்கள்ட காசு."

"யாராவது கேட்டு வந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப?"

அன்று அவருக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி வைத்திருந்தார். எனக்கு ஒரு துண்டு தந்தார். நான் தின்றேன். இரண்டாவது துண்டையும் தின்றேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நியாயத்துக்காகப் போராடிய ஒருவரைப் பற்றி வாசிக்கிறீர்கள் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு வந்திருந்தால், அந்த மனிதரின் மீசையில் அப்போது ஐசிங் ஒட்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பொத்தானுக்கு மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். உண்மையாகவே வைத்தேன். அழுத்துவதற்கு முன் பட்டியலில் இருந்த பெரிய தொகையைத் திறந்து பார்த்தேன். கரடியனாற்று அம்மா ஒருவர், பரமேஸ்வரி. தொண்ணூற்றீராயிரம். மார்ச் மாதம் ஒரு பம்பும் குழாயும் வாங்கியிருக்கிறார். அதே பில்லுக்கு இரண்டு தரம் காசு வந்திருக்கிறது. முதலில் கவுண்டரில் காசாக, இரண்டு நாள் கழித்து வங்கி மூலம் கட்டாரிலிருந்து. வங்கியில் வந்த பணத்தோடு ஒரு குறிப்பும் இருந்தது: பில் இலக்கம், அதற்குப் பக்கத்தில் 'அம்மாட பம்ப்'.

சுட்டியை எடுத்தேன். அவருடைய தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. புதன்கிழமை லீவு போட்டேன். என் மோட்டார் சைக்கிளில் செங்கலடியால் திரும்பிக் கரடியனாற்றுக்குப் போனேன். வழியில் இரண்டு தரம் அது நின்றது. எனக்கும் அதற்கும் ஒரே வயது என்று மனைவி சொல்வாள்.

பரமேஸ்வரி அம்மா வீட்டு வாசலில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த சுளகை அப்படியே வைத்துவிட்டார்.

"காசு கேட்டா வந்திரிக்கீங்க? என்னட்ட இப்ப ஒண்டும் இல்ல ஐயா."

"இல்லம்மா, தரத்தான் வந்த. உங்கட மகன் கட்டாரிலிருந்து போட்ட காசு எங்களிட்ட மேலதிகமாக் கிடக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கணக்கிலும் பதிய முடியாது.

"மகன்ட காசு வரல்ல எண்டு நீங்கதானே சொன்ன?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. பம்ப் இல்லாமல் கடலையும் சோளமும் காய்ந்துகொண்டிருந்தன. மகனுக்கு அங்கே சம்பளம் பிந்தியிருந்தது. அவர் காத்திருக்கவில்லை. ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்த ஒன்றரை ஏக்கர் வயலை ஊராள் ஒருவரிடம் ஈடு வைத்துக் காசு எடுத்துப் பம்பை வாங்கிவிட்டார். மகனுக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டு நாளில் மகன் போன் எடுத்து, 'பம்புக்குக் காசு கம்பனிக்கே போட்டுட்டன் அம்மா' என்றிருக்கிறான். அப்படியென்றால் தான் கட்டிய காசைத் திருப்பி எடுத்து வயலை மீட்கலாமே என்று சந்தோசமாக நம் கவுண்டருக்கு ஓடி வந்திருக்கிறார். கவுண்டரில் இருந்தது நான். திரையைப் பார்த்தேன். சிவப்பு. கோடு. தொண்ணூற்றீராயிரம்.

"மகன்ட காசு வந்தமாதிரித் தெரியல்ல. உங்கட பேர்ல இன்னும் தொண்ணூற்றீராயிரம் நிக்குது. சிஸ்டம் அப்பிடித்தான் சொல்லுது."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. ஹாஜியாருக்குக் கத்த ஒரு குரலும் மேசையில் வைக்க ஒரு கட்டுக் காசும் இருந்தன. இந்த அம்மா பற்றுத்துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்சுக்குப் போய்விட்டார்.

"அவன் பொய் சொல்லிட்டான் எண்டுதான் நான் நினைச்ச. காசில்லாட்டி இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்தானே, என்னத்துக்குப் பொய் எண்டு... ஆறு மாசமா அந்தப் புள்ளையோட நான் முகங்குடுத்துப் பறையல்ல ஐயா. போன் எடுத்தா, ஓம், இல்ல, வைக்கிறன். அவ்வளவுதான்."

வயலின் கதை அதைவிட அவசரமாக இருந்தது. ஈட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தால் வயல் அவருக்கு. ஆனால் ஈடு வாங்கியவர் கலப்பையை இறக்கிவிட்டால் அந்தப் போகம் அவருடையது. அது ஊர் வழக்கம், எழுத்தில் இல்லாவிட்டாலும் யாரும் மீறுவதில்லை. பெரும்போக விதைப்புக்கு நாள் குறிக்கும் கூட்டம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை உழவு.

"வெள்ளிக்கிழமை காலையில கிளைக்கு வாங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு சதம் திருப்பிக் கொடுப்பதற்கும் மனேஜரின் ஒப்புதல் வேண்டும்.

திரும்பி வரும்போது எனக்குப் பயம் இருந்தது. ஆனால் கோபம் அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முக்கால்வாசி என் மேல், மிச்சம் 'யாராவது கேட்டு வந்தாங்களா' என்ற அந்த ஒரு வரியின் மேல். கேட்டு வந்தவரை நான்தானே கடன்காரி என்று சொல்லித் துரத்தியிருந்தேன்! மற்ற முப்பத்தைந்து பேரில் எத்தனை பேரைத் துரத்தினேனோ.

வியாழக்கிழமை நேரத்தோடு வேலைக்குப் போனேன். வாடிக்கையாளர்களுக்குக் கணக்குக் கூற்று அனுப்புவது என் வேலை, அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. ஹாஜியாருக்கு எழுதிய கடிதத்தையே எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி, முப்பத்தாறு பேருக்கும் அச்சடித்தேன். 'உங்கள் தொகைக்கு முன்னால் உள்ள கோடு, நாங்கள் உங்களுக்குத் தரவேண்டும் என்பதைக் காட்டுகிறது. வந்து பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது எந்தப் பில்லில் கழிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.' முப்பத்தாறு முத்திரை. பின்னேரம் நானே தபாற் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பரமேஸ்வரி அம்மா எனக்கு முன்பே வந்து வாடிக்கையாளர் இருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், மாத்தியாச்சா?"

"இல்ல சேர். மாத்த மாட்டன்."

இதைச் சிங்கம்போல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். குரல் கீச்சிட்டது. ஆனாலும் சொன்னேன்.

"உங்களுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. பென்ஷன் இல்லாத வேலை. பணிக்கொடை வாங்கிக்கொண்டு நல்ல பேரோட போக வேணாமா?"

"வேணும் சேர்."

"அப்ப அழுத்துங்க."

"நீங்க அழுத்துங்க சேர்."

அவருக்கு முடியாது. அவருக்கும் அது தெரியும். ஒருவர் பதிய வேண்டும், மற்றவர் ஒப்புதல் தர வேண்டும். நம் கிளையில் பதியும் அனுமதி என் பெயரில் மட்டும்தான் இருந்தது. மென்பொருளை நான் மனதார வாழ்த்தியது அன்றுதான்.

"தலைமைக் கந்தோருக்குச் சொல்லி வேற ஆளைக்கொண்டு செய்விப்பன்."

"செய்விக்கலாம் சேர். ஆனா ஹாஜியார்ட கடைல ஒரு கடதாசி தொங்குதே, அதைப்போல முப்பத்தாறு கடதாசி நேற்றுத் தபாலில போயிட்டு. நாங்க தரவேணும் எண்டு நாங்களே எழுதிக் குடுத்த காசை எப்பிடி வருமானம் எண்டு காட்டுற?"

அவர் எழுந்து யன்னல் பக்கம் போனார். வெளியே தெரிந்த வாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாவி அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

நான் விடவில்லை. பரமேஸ்வரி அம்மாவுக்கான பணமீளிப்பைப் பதிந்து அவருடைய திரைக்கு அனுப்பினேன். அவர் வாசித்துவிட்டு, கடைசியாக ஒரு பிடி கிடைத்ததுபோல் நிமிர்ந்தார்.

"மேலதிகமா வந்தது மகன்ட காசு. வந்த வழியாலதான் திருப்பி அனுப்போணும். அதுதான் விதி. கட்டாருக்கு அனுப்புங்க, இந்த அம்மாட கையில குடுக்க ஏலாது."

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். விதி சரி. மனேஜர் சொன்னதும் விதிப்படி சரி. பணம் கட்டாருக்குப் போனால், வந்து சேர நாலைந்து நாளாகும். சனிக்கிழமை கலப்பை இறங்கிவிடும். மகன் ஏன் என்று கேட்பான், ஈடு வைத்த கதை வெளியே வரும். நான் விதியோடு சண்டை பிடிக்கவில்லை. அதை மறுபடி வாசித்தேன்.

"சேர், மகன் பில் இலக்கத்தை எழுதித்தான் காசு போட்டிருக்கார். இந்தப் பில்லுக்குத்தான் இந்தக் காசு எண்டு அவரே சொல்லியிருக்கார். அப்ப பில்லைக் கட்டினது அவர்ட காசு. அம்மா கட்டினதில எந்தக் குறிப்பும் இல்ல, அதைப் பில்லில கொளுவினது நான். நான் கொளுவினதை நான் கழட்டலாம். மகன்ட காசைப் பில்லுக்குப் போட்டா, மிஞ்சுறது அம்மாட காசு. காசா வந்தது, காசாப் போகட்டும். வந்த வழியாலதான்."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வங்கிக் குறிப்பைப் பெரிதாக்கி வாசித்தார். 'அம்மாட பம்ப்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார் என்று நினைக்கிறேன். அவருக்கும் கொழும்பில் ஒரு அம்மா இருந்திருப்பார். ஒப்புதலை அழுத்தினார்.

"இதுதான் கடைசி, அங்கிள்."

"இன்னும் முப்பத்தைந்து இருக்கு சேர்."

அந்த முப்பத்தைந்தையும் கொடுத்து முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. ஓட்டமாவடியில் ஒருவரைக் கண்டுபிடிக்க மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கிளை அந்தக் காலாண்டில் நட்டம்தான் காட்டியது. அது உண்மையான நட்டம், அதைக் காட்டியதால் எவரும் சாகவில்லை. என் பிரியாவிடைக்கு மனேஜர் வரவில்லை, கேக்கும் வரவில்லை. இரண்டு துண்டு முன்பணமாகத் தின்றுவிட்டேன் என்று கழித்துக்கொண்டேன்.

இனி உங்கள் முறை. அந்தப் பொத்தான் இன்னும் உங்கள் திரையில் இருக்கிறது. காலாண்டு முடியும்போது யாராவது வந்து தோளில் கைபோட்டு, 'யாரும் கேட்கவில்லையே' என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். குரல் கீச்சிட்டால் பரவாயில்லை, கீச்சிட்ட குரலிலும் அந்தச் சொல் சரியாகத்தான் கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பரமேஸ்வரி அம்மா காசை வாங்கி இரண்டு தரம் எண்ணினார். என்னையும் ஒரு தரம் எண்ண வைத்தார். பிறகு கவுண்டரில் நின்றபடியே போனை எடுத்து மகனுக்கு அழைத்தார்.

"மனே... நீ போட்ட காசு வந்துதான் கிடந்திரிக்கி மனே. அண்டைக்கே வந்திட்டாம்." போனை என் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க ஐயா, என்ன நடந்த எண்டு."

வயலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என்னுடையதல்ல. என்னுடையதை மட்டும் சொன்னேன்.

"தம்பி, உங்கட காசு போட்ட அண்டைக்கே வந்திட்டு. அம்மா வந்து கேட்ட நேரம், வரல்ல எண்டு பிழையாச் சொல்லிட்டம்."

அந்தப் பக்கம் எந்திரச் சத்தத்துக்கு மேலால் மகன் கேட்டான்.

"அதுதான் அம்மா என்னோட பறையாம இருந்தவவா? சிஸ்டத்துல ஏதும் பிழையா அண்ணே?"

மனேஜர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கவுண்டரில் நாலு பேர் நின்றார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் மரியாதையாக வீட்டுக்குப் போகலாம்.

"இல்ல தம்பி," என்றேன். "சிஸ்டம் சரியாத்தான் காட்டினது. பிழை நான்."